ஊருக்கு ஒரு டிக்கெட், ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஜெர்மனியில் குடியேறிய நம்மவர்கள் சுற்றுச்சூழலுக்கு உண்டாகும் கேட்டைக் குறைத்து, கொஞ்சம் நிதானமாகவும் வாழ்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டது, அதில் பாதி ஹீட்டர் பற்றி. நான் இதில் நிபுணர் எல்லாம் இல்லை. வந்து 19 வருடம் ஆகிறது, மூன்று வீடு மாறியிருக்கிறேன், பூஞ்சை பிடித்த சுவருக்குத் தண்டம் கட்டியிருக்கிறேன், குப்பைத் தொட்டி பக்கத்தில் மாடி வீட்டுப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, குப்பையே இல்லாத வாழ்க்கைக்கு மாறலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி, ஸ்டீல் டப்பா, துணிப்பை என்று பட்டியல் போட்டதில் 300 யூரோ வருகிறது. முதலில் எதை வாங்கலாம்? (கா.பி., ஸ்டுட்கார்ட்)

பதில்: எதையுமே வாங்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவை எறிந்துவிட்டு அந்த இடத்தில் மூங்கில் மூடி போட்ட ஜாடியை அடுக்கினால் அலமாரி அழகாக இருக்கும், படம் எடுத்துப் போடலாம், வீட்டுக் குப்பை மட்டும் ஒரு பை கூடியிருக்கும். ஜாடி வேண்டுமென்றால் இரண்டு மாதம் ஊறுகாய் பாட்டிலையும் ஜாம் பாட்டிலையும் கழுவி எடுத்து வையுங்கள், போதும் போதும் என்று சேர்ந்துவிடும். லேபிள் பசை போகவில்லையா, சமையல் எண்ணெயும் சோடா உப்பும் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

வெளியே சாப்பாடு வாங்குகிறவர்கள் என்றால் ஒரு விஷயம். 2023 ஜனவரியிலிருந்து பார்சல் தரும் உணவகங்கள் திருப்பித் தரக்கூடிய பாத்திரத்திலும் உணவு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யாத, 80 சதுர மீட்டருக்கு மேற்படாத சின்னக் கடைகளுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் நீங்கள் கொண்டுபோகும் டப்பாவில் போட்டுத் தர அவர்கள் மறுக்கக் கூடாது. நம் வீட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் நிற்க முதல் நாள் கூச்சமாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் அவர்களே ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார்கள்.

அப்புறம், பெரிய கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கை வையுங்கள். ஹீட்டர், விமானம், கார், தட்டில் இருக்கும் இறைச்சியும் பாலும். பல் துலக்கும் பிரஷ் அந்த வரிசையில் எங்கேயோ கடைசியில் நிற்கிறது.

கேள்வி: வருடக் கணக்கு முடித்ததில் ஹீட்டருக்கு 640 யூரோ கூடுதலாகக் கட்டச் சொல்லி வீட்டுக்காரர் கடிதம் அனுப்பியிருக்கிறார். இத்தனைக்கும் நாங்கள் ஜன்னலே திறப்பதில்லை, சூடு வெளியே போய்விடும் என்று. படுக்கையறை மூலையில் கறுப்பாக வேறு ஏதோ படர்கிறது. (து.ரா., நூரன்பர்க்)

பதில்: ஜன்னல் திறக்காததுதான் வினையே. அந்தக் கறுப்பு பூஞ்சை, அதை முதலில் கவனியுங்கள்.

நம் சமையலை நினைத்துப் பாருங்கள். காலையில் இட்லிப் பாத்திரம், மதியம் குக்கர் நாலு விசில், ராத்திரி ரசம் கொதிக்கிறது, நடுவில் ஹாலில் கொடி கட்டி ஈரத்துணி காய்கிறது. அந்த நீராவி முழுக்க எங்கே போகும்? வீட்டிலேயே குளிர்ச்சியான சுவரைத் தேடிப் போய் உட்காரும். வெளிச்சுவரை ஒட்டிப் பீரோ வைத்திருந்தால் அதன் பின்னால் காற்று நடமாட்டமே இருக்காது, அங்கேதான் முதலில் பிடிக்கும். எங்கள் இரண்டாவது வீட்டில் அப்படித்தான் ஆனது. காலி செய்கிற அன்று பீரோவை நகர்த்தினோம், என் பட்டுப்புடவைப் பெட்டிக்குப் பின்னால் சுவர் முழுக்க இந்திய வரைபடம் மாதிரி கறுப்பு. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, முன்பணத்தில் கழித்துக்கொண்டார்.

ஜன்னலைச் சாய்த்து வைத்துவிட்டு நாள் முழுக்க விடுவதும் தப்பு. சுவர் சில்லிட்டுப் போகும், காற்றும் ஒழுங்காக மாறாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஹீட்டரை மூடிவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு மூடிவிடுங்கள். உள்ளே வந்த குளிர்காற்றில் ஈரம் குறைவு, அது சீக்கிரம் சூடாகிவிடும், சுவரும் சாமான்களும் தம் சூட்டை இழந்திருக்காது. இதற்கு ஜெர்மன்காரர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள், ஸ்டோஸ்லுஃப்டன். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள் (போன கேள்விக்காரர் மன்னிக்கவும், இது ஒன்று வாங்கலாம்), 40க்கும் 60க்கும் நடுவில் முள் நின்றால் பயமில்லை.

சூடு பற்றி: இந்த நாட்டில் வீடுகளில் செலவாகும் மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அறையைச் சூடாக்கவே போகிறது. ஒரு டிகிரி குறைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று கணக்கு. ஹீட்டர் திருகில் இருக்கும் 3 என்பது சுமார் 20 டிகிரி, ஒவ்வோர் எண்ணுக்கும் நாலு டிகிரி வித்தியாசம். வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து நேராக 5க்குத் திருப்புகிறோமே, அதனால் அறை சீக்கிரம் சூடாகாது. அதே வேகத்தில்தான் ஏறும், ஆனால் 20இல் நிற்காமல் 28 வரை போகும். நம் வீடுகளில் டிசம்பரில் அரைக்கை பனியனோடு உட்கார்ந்திருக்கிறோம். ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொள்வது ஏழ்மையின் அடையாளம் இல்லை, இங்கே மருத்துவர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 68 வயது, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு மூன்று மாதம் வந்திருக்கிறேன். ஐந்து விதமாகக் குப்பை பிரிக்கச் சொல்கிறாள், தயிர் டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவிப் போடுகிறேன், அதற்கும் திட்டு. ஆனால் பழுதான டோஸ்டரை நான் சரிசெய்து வைத்தால், 'புதுசே 25 யூரோதான், விடுங்கப்பா' என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. (ஒரு தகப்பனார், டார்ம்ஸ்டாட்)

பதில்: ஐயா, உங்கள் கேள்விதான் இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி.

தயிர் டப்பாவில் மகள் சொல்வது சரி. கழுவ வேண்டாம், ஸ்பூனால் வழித்திருந்தால் போதும். ஆனால் மேலே இருக்கும் அலுமினிய மூடியை முழுக்கக் கிழித்துத் தனியாகப் போடுங்கள், பிரிக்கும் இயந்திரம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரித்தறியாது. மஞ்சள் தொட்டி பொட்டலம் கட்டி வந்த பொருளுக்குத்தான். உடைந்த பிளாஸ்டிக் பொம்மை, பக்கெட் எல்லாம் பெரும்பாலான ஊர்களில் அதில் சேராது, சில நகரங்களில் சேரும், மகளிடம் நகராட்சி அனுப்பிய தாளைக் கேளுங்கள். கடை ரசீது பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் காகிதத் தொட்டிக்குப் போகாது. உடைந்த டம்ளர் கண்ணாடிதான், ஆனாலும் பாட்டில் தொட்டிக்குப் போகாது, அது உருகும் சூடே வேறு. பாட்டில் தொட்டியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று மூன்று வாய் இருக்கும், நீல பாட்டில் வந்தால் பச்சையில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுவிடாதீர்கள், சத்தம் வரும், நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அதற்குத்தான்.

தண்ணீர், குளிர்பான பாட்டிலைத் தொட்டியிலேயே போடக் கூடாது. கடையில் இருக்கும் இயந்திரத்தில் கொடுத்தால், ஒரு முறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் திரும்ப வரும், இந்த முறை 2003இல் வந்தது. மீண்டும் நிரப்பும் பாட்டிலுக்கு 8 சென்ட்டோ 15 சென்ட்டோதான், ஆனால் அதுதான் உண்மையிலேயே நல்லது, கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் கழுவி 50 தடவை வரை நிரப்புகிறார்கள். நடைப்பயிற்சி போகும்போது பூங்காவில் குப்பைத் தொட்டிக்கு வெளியே, கீழே, பாட்டிலை ஒழுங்காக நிறுத்தி வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒழுங்கில்லாமல் விட்டுப் போனது இல்லை அது. பாட்டில் பொறுக்கிப் பிழைக்கும் வயதானவர்கள் தொட்டிக்குள் கை விடக் கூடாது என்று விட்டுப் போவது.

டோஸ்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. மகள் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ரிப்பேர் கஃபே என்று ஒன்று ஆரம்பித்தார்கள், இப்போது ஜெர்மனியில் அநேகமாக எல்லா நகரங்களிலும் இருக்கிறது. சர்ச் ஹாலிலோ நூலகத்திலோ மாதம் ஒரு நாள் கூடுவார்கள். கெட்டுப்போன சாமானைக் கொண்டுபோனால், ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளும் எலெக்ட்ரீசியன்களும் காபி குடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்யச் சொல்லித் தருவார்கள், கூலி கிடையாது. டோஸ்டரோடு போய் உட்கார்ந்து பாருங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் என்ன, டெஸ்டருக்கு மொழி கிடையாது. அங்கேயும் முடியாமல் போனால்தான் கழிக்க வேண்டும், அதையும் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சின்னக் கருவி என்றால் பெரிய மின்பொருள் கடைகளே இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும், நீங்கள் அங்கே எதுவும் வாங்காவிட்டாலும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர், வருடா வருடம் சென்னை போகிறோம். வீட்டில் இறைச்சி இல்லை, கார் இல்லை. என் ஜெர்மன் தோழி விமானம் ஏறி ஆறு வருடம் ஆகிறதாம். 'நீ மட்டும் இவ்வளவு பறக்கிறாயே' என்றாள், வாயடைத்துப் போனேன். அப்பாவுக்கு 74 வயது. போகாமல் இருக்க முடியுமா அக்கா? (பெயர் வேண்டாம், பெர்லின்)

பதில்: முடியாது, இருக்கவும் வேண்டாம். அந்தத் தோழியின் அம்மா அப்பா ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பார்கள். உங்கள் அப்பா ஏறத்தாழ 7,300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை.

ஆனால் கணக்கை மறைக்கவும் கூடாது. ஒரு ஆள் போய் வந்தால் எரிபொருளில் மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு. அவ்வளவு உயரத்தில் பறப்பதால் உண்டாகும் மற்ற விளைவுகளையும் சேர்ப்பவர்கள் இரண்டு, மூன்று டன் என்பார்கள். நாலு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். ஜெர்மனியில் ஓர் ஆளுக்கு ஒரு வருடம் முழுக்க, ஹீட்டர் கார் சாப்பாடு எல்லாம் சேர்ந்து, சராசரி 10 டன் சுற்றி வருகிறது. அதாவது உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஐந்தாவது ஆள் ஒருவர் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிப்பையால் அவருக்குச் சாப்பாடு போட முடியாது.

நான் செய்வதைச் சொல்கிறேன், சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுத்தியது ஊர்ப் பயணத்தை இல்லை, மற்றதை. வந்த புதிதில் 30 யூரோவுக்கு டிக்கெட் கிடைக்கிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு திரும்பியிருக்கிறோம், எந்த ஊரில் எந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்தோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அதை விட்டதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. அடுத்து, வருடத்துக்கு ஒரு முறை மூன்று வாரம் என்பதை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆறு வாரம் என்று மாற்றினோம். ஐந்து நாள் வேலை வாரத்துக்குச் சட்டப்படி 20 நாள்தான் விடுமுறை, நிறைய நிறுவனங்கள் 30 தருகின்றன. இந்த வருடத்து விடுமுறையை டிசம்பர் கடைசியிலும் அடுத்த வருடத்து விடுமுறையை ஜனவரியிலும் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பொங்கலும் கிடைக்கும். மேலாளரிடம் ஆறு மாதம் முன்னாலேயே பேசிவிடுங்கள். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இது நடக்காது, பள்ளி நாளில் கூட்டிக்கொண்டு பறந்தால் அபராதம் வரும், கோடை விடுமுறை ஆறு வாரம்தான் வழி. வேலையை விட்டுவிட்டு நீண்ட நாள் போகிறவர்கள், சாதாரண வசிப்பு அனுமதி என்றால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதி ஆகிவிடும், புளூ கார்டுக்கு (பட்டம் படித்து வேலைக்கு வருகிறவர்களுக்கான அனுமதி) 12 மாதம், என்பதை மறக்க வேண்டாம்.

ஆறு வாரம் இருந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. மூன்று வாரப் பயணத்தில் அம்மா என்னை விருந்தாளியாக நடத்துவார், முதல் வாரம் பட்சணம், மூன்றாம் வாரம் பெட்டி கட்டுவது. நாலாவது வாரம் தாண்டியதும் "அந்தக் கொத்தமல்லியை ஆய்ந்து வை" என்று கட்டை நகர்த்திவிட்டுப் போனார். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.

நடுவில் ஒரு வருடம் போகவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வரும், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் அப்பாவுக்கு 74 வயது என்கிறீர்கள். உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், யோசிக்காமல் டிக்கெட் போடுங்கள், அன்றைக்குக் கரியமில வாயுவைக் கணக்கு பார்க்காதீர்கள். தோழிக்கு அது புரியும். புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது, கார் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் கணவர். தேவையா? (வி.எல்., லைப்சிக்)

பதில்: கிராமத்தில் இருந்தால் தேவை. லைப்சிக்கில் டிராம் நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் ஒரு வருடம் தள்ளிப் போட்டுப் பாருங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, இப்போது மாதம் 63, நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும், அதிவேக ரயிலுக்குச் செல்லாது. காருக்குக் காப்பீடு, வரி, டயர் மாற்றம் என்று கணவர் ஒரு தாளில் எழுதட்டும், வாங்கிய விலையை விட்டுவிட்டு. மூட்டை முடிச்சுக்கு மாதம் இரண்டு தடவை வாடகைக் கார். பிரசவத்துக்கு டாக்ஸி.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது, பைத்தியம் பிடிக்கிறது. இதையெல்லாம் மாற்ற மாட்டார்களா? (எஸ்.கே., மியூனிக்)

பதில்: சுலபத்தில் மாட்டார்கள். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை அரசியல் சாசனமே காக்கிறது, 1919 வைமார் சாசனத்திலிருந்து வரி மாறாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். நிதானமாக வாழ ஆசைப்பட்டுப் புத்தகமும் பயிற்சியும் தேடுகிறோம், இந்த நாடு வாரம் ஒரு நாள் அதைச் சும்மா தருகிறது. சனிக்கிழமை மாலைக்குள் உளுந்து ஊறவையுங்கள், ஞாயிறு மதியம் தூங்குங்கள். எனக்கு இதில் வேறு அபிப்பிராயமே இல்லை.

கேள்வி: பச்சைக் குழந்தைக்கு ஃப்ளோமார்க்டில் (பழைய சாமான் சந்தையில்) துணி வாங்கினேன், போனில் பார்த்த மாமியார் 'யாரோ போட்டதையா போடுவாய்' என்று அழுதுவிட்டார். (ஆர்.ஜே., கொலோன்)

பதில்: மாமியாரிடம் மெதுவாக ஒன்று கேளுங்கள். உங்கள் கணவர் பிறந்தபோது அவருக்கு முதலில் போர்த்தியது என்ன? நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடும் வழக்கமே பல இடங்களில் இல்லை. தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள், துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும், சாயமும் கஞ்சியும் போயிருக்கும். பாட்டியின் நூல்புடவைதான் தொட்டில். ஃப்ளோமார்க்ட் துணியும் அதேதான், தாத்தா மட்டும் வேறு. வாங்கியதும் 60 டிகிரியில் ஒரு முறை துவைத்துவிடுங்கள். மனசு சமாதானமாக, பெயர் வைக்கும் நாளுக்கு மாமியார் ஊரிலிருந்து ஒரு புதுச்சட்டை அனுப்பட்டும்.

தெருவில் "எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி வைத்த பெட்டிகளையும் பாருங்கள். எங்கள் வீட்டு உப்புமா வாணலி அப்படி வந்தது, 11 வருடமாகிறது.

கேள்வி: சோனா மசூரி, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஊரிலிருந்துதான் வருகிறது. இது பசுமை வாழ்க்கைக்கு எதிரா? அம்மாவிடம் சொல்லி பெட்டியில் கொண்டுவந்தால் தேவலையா? (ஜி.எம்., ஹனோவர்)

பதில்: அரிசியும் பருப்பும் கப்பலில் வருகின்றன, கப்பலில் ஒரு கிலோவுக்கு ஆகும் புகை ரொம்பக் கொஞ்சம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாடிப்போகும் என்பதால் விமானத்தில் வருகின்றன, அதுதான் விலையும் அப்படி. எனவே பருப்பில் கஞ்சத்தனம் வேண்டாம், முருங்கைக்காயைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் கொண்டுவருவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைக் காய், கனி, இலை என்று எது கொண்டுவந்தாலும் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியான் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பால் பொருளும் கூடாது, பால்கோவாவும் நெய்யும் அதில் அடக்கம். அம்மா பாலிதீன் பையில் சுற்றி, அதைத் துண்டில் சுற்றிக் கொடுத்த கறிவேப்பிலையைச் சுங்க அதிகாரி கையுறை போட்டு எடுத்துக் குப்பையில் போடுவதைப் பார்த்தவள் நான்.

இங்கே விளைவதைப் பாருங்கள். கோல்ராபி என்று விற்கிறார்களே, அது நம் நூல்கோல்தான். குழம்புக்கு நூல்கோல், பொரியலுக்கு அதன் இலை. கடைகளில் வாங்குகிறவர்கள் இலையை ஒடித்துப் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள், முயல் வளர்ப்பவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு நானும் அள்ளுகிறேன். "எத்தனை முயல் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு நாள் கடைக்காரப் பெண் கேட்டாள், "நாலு" என்றேன். மங்கோல்ட் கீரை கூட்டுக்கு அருமையாக ஒத்துவரும், முள்ளங்கியை அதன் கீரையோடு வாங்குங்கள், இலையுதிர் காலத்தில் பரங்கிக்காய் மலிந்து கிடக்கும்.

கேள்வி: ஐ.டி. வேலை, வாரம் 40 மணி நேரம் என்று பேர், ஓய்ந்துவிட்டேன். வாரம் நாலு நாளாகக் குறைக்கக் கேட்டால் கொடுப்பார்களா, விசாவுக்குச் சிக்கலா? (ஒரு வாசகர், ஃபிராங்க்ஃபர்ட்)

பதில்: கேட்பது உங்கள் உரிமை. 15 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், நீங்கள் சேர்ந்து ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும், மூன்று மாதம் முன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். நிர்வாகத் தரப்பில் வலுவான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. 45 பேருக்கு மேல் என்றால் 2019இல் வந்த இன்னொரு வழி உண்டு, ஒன்று முதல் ஐந்து வருடம் வரை குறைத்துவிட்டுத் திரும்ப முழு நேரத்துக்கு வரலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், திரும்பும் வழி திறந்தே இருக்கிறது.

புளூ கார்டில் இருந்தால் மட்டும் நிதானம். அதன் சம்பள வரம்பு வேலை நேரத்தைப் பார்க்காது, வருடச் சம்பளத்தைப் பார்க்கும். 2025இல் அது 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 43,759.80, வருடா வருடம் ஏறும். நாலு நாளாக்கினால் சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், வரம்புக்குக் கீழே போகிறதா என்று கணக்குப் பாருங்கள். போகிறது என்றால் நிரந்தர வசிப்பு அனுமதி வரை பொறுங்கள், ஜெர்மன் பி1 (நடுத்தர நிலை) தேர்வு முடித்தவர்களுக்கு 21 மாதம், ஏ1 (தொடக்க நிலை) என்றால் 27. அந்த 21 மாதத்தில் வேகத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அலுவலக போனை அணைப்பது. ஜெர்மன் சகாக்கள் எல்லாரும் அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு மெயிலுக்குப் பதில் போடுவது பெரும்பாலும் நாம்தான்.

கேள்வி: தோட்டம் போட ஆசை, வீடோ மூன்றாவது மாடி. ஐந்து வருடமாக வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியும் ஒவ்வொரு குளிர்காலமும் மொட்டையாகிறது. (தே.ச., பீலஃபெல்ட்)

பதில்: ஊருக்கு வெளியே ரயில் பாதையோரம் குட்டிக் குட்டியாக வேலி போட்ட தோட்டங்கள் தெரியுமே, க்ளைன்கார்டன், அதற்குப் பெயர் பதிந்து வையுங்கள். பெரிய நகரங்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பீலஃபெல்ட் மாதிரி ஊரில் கேட்டுப் பார்க்கலாம். ஷ்ரேபர் தோட்டம் என்றும் சொல்வார்கள், லைப்சிக் மருத்துவர் மோரிட்ஸ் ஷ்ரேபர் பெயரால். அவர் தோட்டமே போட்டதில்லை, அவர் இறந்த பிறகு 1865இல் பிள்ளைகள் விளையாட ஒரு திடல் அமைத்த சங்கம் அவர் பெயரை வைத்தது, ஓரத்தில் போட்ட பாத்திகள் பிறகு திடலையே விழுங்கிவிட்டன. சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, குடிசை 24 சதுர மீட்டர், அதில் குடியிருக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கிலாவது காய் கனி போட வேண்டும், புல்லை மட்டும் வளர்த்தால் சங்கத்துக்காரர் வந்து அளப்பார். நம்மவர்களுக்கு அது ஒரு நிபந்தனையா என்ன?

அதுவரை பால்கனி. வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் கிள்ளலாம், கொத்தமல்லி, தண்டுக்கீரை கோடையில் நன்றாக வரும். எதையும் மே நடுவுக்கு முன் வெளியே வைக்காதீர்கள், மே 11 முதல் 15 வரை பனிப் புனிதர்கள் நாள் என்பார்கள், அது கழிந்த பிறகுதான் பனி பயம் போகும் என்பது இங்கத்து விவசாயிகள் கணக்கு. முருங்கை விதை போட்டு ஏமாந்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

கறிவேப்பிலை மொட்டையாவது சாவு இல்லை, தூக்கம். வெளிச்சம் போதாமல் இலையை உதிர்க்கிறது, அதைப் பார்த்துப் பயந்து நாம் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவிடுகிறோம். அக்டோபரில் உள்ளே எடுத்து, தெற்கு பார்த்த ஜன்னலோரம், ஹீட்டருக்கு நேர் மேலே இல்லாமல் வையுங்கள். மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகு மட்டும் அரை டம்ளர் தண்ணீர். பிப்ரவரியில் வெறும் குச்சியாகத்தான் நிற்கும். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், மார்ச் கடைசியில் நுனியைக் கிள்ளி, மண்ணைக் கொத்திக் கொஞ்சம் உரம் வையுங்கள். எங்கள் செடிக்கு இப்போது 13 வயது, மகளைவிட உயரம், போன வாரம்தான் ஒன்பது இலை விட்டிருக்கிறது. ரசத்துக்கு இன்னும் எடுக்கவில்லை.